அனுப்பியது வந்து சேர்ந்ததா? – பெரிய எக்ஸ்எம்எல் பைல்களை சர்வரில் வாங்கும் முறை



சரக்கு லாரி கடை வாசலில் வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? பில்டியைக் கையில் வாங்கி, மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, குறைவு இருந்தால் பில்டியிலேயே எழுதி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று டிரைவர் சொன்னார் என்பதற்காக எண்ணாமல் கையெழுத்துப் போடுகிறவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் கிளைக் கடையிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக வரும் பில் கணக்கை மட்டும், திரையில் "பதிவு முடிந்தது" என்று ஒரு வரி வந்தவுடன் நம்பி விடுகிறோம். அப்படி நம்பியதால் எங்கள் கடையில் ஏற்பட்ட தொல்லையையும், அதற்காகத் தேடித் தெரிந்துகொண்ட விவரங்களையும் இங்கே ஒரு பாடமாக எழுதுகிறேன். முதலாளிகள் படிக்க வேண்டியது பாதி. கடையின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும் தம்பிகள் படிக்க வேண்டியது பாதி.

நடந்தது என்ன?

குன்றத்தூரில் எங்களுக்கு மளிகை மொத்த விற்பனைக் கடை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு கிளை. கிளையில் போடும் பில்கள் அன்றன்று இரவு ஒரு எக்ஸ்எம்எல் பைலாகத் திரட்டப்பட்டு, இணையம் வழியே எங்கள் சர்வருக்கு வரும். அங்கே இருக்கும் ஸ்கிரிப்ட் அதைப் பிரித்துக் கணக்கில் ஏற்றும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 பில். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2022ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 24ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய நான்கு நாட்களும் கிளையில் மூச்சுவிட நேரமில்லை. இரவு பைல் அனுப்பும் வேலை தள்ளிப் போயிற்று. பண்டிகை முடிந்ததும் நான்கு நாள் பில்களை, சுமார் 1,200 இருக்கும், ஒரே பைலாக அனுப்பினார்கள். "பதிவு முடிந்தது" என்று திரை சொல்லியது. நாங்களும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

நவம்பர் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டன், சர்வரில் இருந்த கணக்கின்படி தாக்கலானது. பண்டிகை மாதம் என்பதால் மொத்த விற்பனை எப்படியும் பெரிதாகத்தான் இருந்தது. குறைவு கண்ணில் படவில்லை. 15ஆம் தேதி முடிச்சூரிலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்களிடம் வாங்கிய தீபாவளிச் சரக்கு பில் ஒன்றுகூட என் 2பி பட்டியலில் இல்லையே?" என்றார். அன்று மாலைக்குள் இன்னும் ஆறு பேர்.

இது சின்ன விஷயம் அல்ல. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தம் ரிட்டனில் காட்டிய பில்லுக்கு மட்டுமே வாங்கியவர் உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்க முடியும் என்று சட்டம் ஆகிவிட்டது. நாங்கள் விட்ட பில்லுக்கு அவர்கள் கையிலிருந்து வரி கட்ட வேண்டிய நிலை. 3பி ரிட்டனுக்கு 20ஆம் தேதி வரை நாள் இருந்ததால், விட்டுப்போன வரியைச் சேர்த்துக் கட்டி வட்டியிலிருந்து தப்பினோம். ஆனால் பில்களை அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1இல்தான் சேர்க்க முடிந்தது. வாங்கியவர்களின் கழிவு ஒரு மாதம் தள்ளிப் போனது. பத்து வருடப் பழக்கமுள்ள ஒரு கடைக்காரர் அதன் பிறகு எங்களிடம் சரக்கு எடுப்பதை நிறுத்திக்கொண்டார். 

நல்ல வேளையாகக் கிளையின் கம்ப்யூட்டரில் பில்கள் அப்படியே இருந்தன. பைல் எங்கே தொலைந்தது என்று பார்க்க ஸ்கிரிப்ட் எழுதிய தம்பியைக் கூப்பிட்டேன்.

"தம்பி, சரி என்றுதானே கம்ப்யூட்டர் சொல்லியது?"

"அண்ணாச்சி, ஸ்கிரிப்ட் கைக்கு ஒன்றுமே வரவில்லை. ஒன்றும் வராவிட்டால் அன்றைக்குப் பில் இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். அது பூஜ்யம் பில்லை ஏற்றிவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டது."

எக்ஸ்எம்எல் என்பது என்ன?

ஒரு கம்ப்யூட்டர் எழுதிய கணக்கை வேறொரு கம்ப்யூட்டர் பிழையின்றிப் படிப்பதற்கான எழுத்து முறை இது. உலகளாவிய வலை அமைப்பான டபிள்யூ3சி 1998 பிப்ரவரியில் இதை வெளியிட்டது. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பெயர்ச்சீட்டு இருக்கும். பெயர்ச்சீட்டைத் தமிழிலேயே வைக்கவும் இம்முறையில் இடம் உண்டு:

<பில்>
<எண்>1042</எண்>
<தேதி>22-10-2022</தேதி>
<பொருள்>துவரம் பருப்பு</பொருள்>
<தொகை>3480.00</தொகை>
</பில்>

நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி கணக்கையும் எக்ஸ்எம்எல்லாக வெளியே எடுக்கலாம், உள்ளே ஏற்றலாம். வருமான வரி ரிட்டனும் 2020-21 மதிப்பீட்டு ஆண்டு வரை எக்ஸ்எம்எல் பைலாக ஏற்றப்பட்டது; அடுத்த ஆண்டு முதல் ஜேசான் என்ற வடிவத்துக்கு மாறியது. ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுவதும் ஜேசான்தான். வடிவம் எதுவானாலும் கீழே சொல்லும் பாடம் ஒன்றே.

பைல் எங்கே தொலைகிறது?

பைல் ஓர் இடத்தில் அல்ல, நான்கு வாசல்களில் மாட்டிக்கொள்ளலாம்.

முதல் வாசல், சர்வரின் அளவுக் கட்டுப்பாடு. யாரோ ஒருவர் மாபெரும் பைலை அனுப்பி சர்வரைத் திணறடிக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு மென்பொருளிலும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நாம் மாற்றாவிட்டால் அது இவ்வாறு இருக்கும்: என்ஜின்எக்ஸ் சர்வரில் 1 எம்பி. பிஎச்பி மொழியில் மொத்தமாக வரும் தகவலுக்கு 8 எம்பி. அதில் இணைப்பாக வரும் ஒரு பைலுக்கு 2 எம்பி. ஏஎஸ்பி டாட் நெட்டில் 4 எம்பி. ஐஐஎஸ் சர்வரில் ஓடும் பழைய ஏஎஸ்பி ஸ்கிரிப்டில் வெறும் 2 லட்சம் பைட்.

வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். என்ஜின்எக்ஸ் 413 என்ற எண்ணுடன் பைலைத் திருப்பி அனுப்பிவிடும். அனுப்பியவருக்கு விஷயம் தெரிந்துவிடும். பிஎச்பி அப்படிச் செய்வதில்லை. எச்சரிக்கை ஒன்றைத் தன் பதிவேட்டில் எழுதிவிட்டு, வந்த தகவல் முழுவதையும் தள்ளிவிட்டு, காலிக் கையோடு ஸ்கிரிப்டை ஓட்டும். எங்கள் கடையில் நடந்தது இதுவே.

"1,200 பில் 8 எம்பி ஆகுமா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு பில் பெயர்ச்சீட்டுகளோடு சேர்ந்து 4 கேபி அளவு. 1,200 பில் 5 எம்பிக்கும் குறைவுதான். ஆனால் நாங்கள் பைலை இணைப்பாக அனுப்பாமல், பெயர் முகவரி எழுதும் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சாதாரணப் படிவம் வழியே போகும்போது, ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாத பெரும்பாலான ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக மாற்றி எழுதப்படும். யூனிகோடு முறையில் தமிழின் 'க' ஓர் எழுத்தே 3 பைட். படிவத்தில் அது 9 ஆகிவிடும். 'கு' என்றால் 18. பெயர்ச்சீட்டின் கோண அடைப்புக் குறிகளும் மும்மடங்கு ஆகும். தமிழில் பொருள் பெயர் அச்சிடும் எங்கள் பைல், வழியிலேயே ஏறக்குறைய இரண்டு மடங்காக வீங்கி 8 எம்பியைத் தாண்டிவிட்டது.

இரண்டாம் வாசல், நினைவகம். முழு பைலையும் ஒரே மூச்சில் மெமரியில் விரித்து வைத்துப் படிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு டாம் என்று பெயர். எழுதுவது எளிது. ஆனால் பைலின் அளவைப்போலப் பல மடங்கு மெமரி பிடிக்கும். பிஎச்பியில் ஒரு ஸ்கிரிப்டுக்கு வழக்கமாக 128 எம்பிதான் ஒதுக்கீடு. மீறினால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாம் வாசல், நேரம். பிஎச்பி ஸ்கிரிப்டுக்கு வழக்கமான கெடு 30 வினாடி. முன்னே நிற்கும் என்ஜின்எக்ஸ் 60 வினாடி காத்திருந்து பதில் வராவிட்டால் 504 என்று கையை விரித்துவிடும். அப்போதும் பின்னால் ஸ்கிரிப்ட் வேலை செய்துகொண்டே இருக்கலாம். அனுப்பியவர் "போகவில்லை" என்று மறுபடி அனுப்புவார். ஒரே பில் இரண்டு தடவை ஏறும்.

நான்காம் வாசல், சேமிக்கும் இடம். மைஎஸ்க்யூஎல் தகவல் தளத்தில் டெக்ஸ்ட் என்ற வகைக் கட்டம் 65,535 பைட் மட்டுமே கொள்ளும். தமிழில் 21,845 குறியீடுகள். கண்டிப்பு முறையை அணைத்து வைத்திருந்தால் அதற்கு மேற்பட்டதை ஓசையில்லாமல் வெட்டிவிடும்.

இவற்றோடு ஒரு சின்னக் குறியையும் சொல்ல வேண்டும். நம்மவர் கடைப் பெயர்களில் பல "அண்டு சன்ஸ்", "அண்டு கோ" என்று முடியும். அந்த & குறிக்கு எக்ஸ்எம்எல்லில் தனிப் பொருள் உண்டு. அதை வெறுமனே எழுதினால் படிக்கும் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். & குறிக்குப் பின் ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்த்து எழுதுவதே முறை. ஒரு வாடிக்கையாளரின் பெயரில் உள்ள ஒரு குறி, பின்னால் வரும் நூறு பில்லையும் தடுத்துவிடும்.

சரிசெய்யும் முறை

"அப்படியானால் வரம்பை 64 எம்பி ஆக்கிவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள். அளவாக உயர்த்துவது தேவைதான். ஆனால் அதை மட்டும் செய்தால், தொல்லை அடுத்த பெரிய பண்டிகைக்குத் தள்ளிப் போகுமே தவிரத் தீராது. நாங்கள் செய்த மாற்றங்கள் இவை:

1. படிவக் கட்டத்தில் திணிப்பதை நிறுத்தினோம். பைலை இணைப்பாகவே அனுப்புகிறோம். இணைப்பாகப் போகும்போது தமிழ் எழுத்து வீங்குவதில்லை. சர்வரும் அதை மெமரியில் வைக்காமல் நேரே டிஸ்கில் தற்காலிக பைலாக எழுதிவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் பிஎச்பி ஒரு குறி எண் தரும்: 0 என்றால் நலம், 1 என்றால் வரம்பு மீறியது, 3 என்றால் பாதிதான் வந்தது. இந்த எண்ணைப் பார்க்காமல் ஸ்கிரிப்ட் மேலே நகரக் கூடாது. வரம்பை உயர்த்தும்போது மொத்தத் தகவலுக்கான வரம்பு, பைலுக்கான வரம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

2. மூட்டையைச் சிறிதாக்கினோம். எத்தனை நாள் சேர்ந்தாலும் ஒரு பைலுக்கு 200 பில் மட்டும். 1,200 பில் என்றால் 6 பைல். ஒன்று தவறினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். ஜிஎஸ்டி துறையின் ஆஃப்லைன் கருவியும் இப்படித்தான். ஒரு பைலில் 19,000 வரிகள் வரைதான் வைக்கும், மிகுந்தால் பிரித்து ஏற்றச் சொல்லும்.

3. வாங்குவதையும் பதிவதையும் வேறாக்கினோம். முதல் ஸ்கிரிப்ட் பைலை வாங்கி டிஸ்கில் வைத்து, ஒரு ரசீது எண் கொடுப்பதோடு சரி. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் இரண்டாவது ஸ்கிரிப்ட் அதை எடுத்துக் கணக்கில் ஏற்றும். இதனால் நேரக் கெடு பிரச்சினையே இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் பைல் ஏற்றியவுடன் முடிவு சொல்லாமல், சரிபார்த்த பின் நிலையைக் காட்டி, தவறுள்ள பில்களுக்குத் தனியாகப் பிழைப் பட்டியல் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான்.

4. பைலைப் படிப்படியாகப் படிக்கிறோம். பிஎச்பியில் எக்ஸ்எம்எல்ரீடர் என்ற கருவி, பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதுபோல் ஒரு நேரத்தில் ஒரு பில்லை மட்டும் கையில் எடுக்கும். 100 எம்பி பைலுக்கும் மெமரி கூடாது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. நடுவில் & குறி போன்ற பிழை இருந்தால், அதற்கு முந்தைய பில்கள் ஏறியிருக்கும், பிந்தையவை ஏறியிருக்காது. ஆகவே முதல் தடவை கடைசி வரை பிழை உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை பதிவு செய்ய வேண்டும். பதிவையும் தகவல் தளத்தின் பரிவர்த்தனை முறையில், 200 பில்லும் ஏறினால் ஏறட்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று வைக்க வேண்டும்.

5. ஒரே பில் இருமுறை ஏறாதபடி பூட்டினோம். ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டில் மறுபடி வராததாக இருக்க வேண்டும். சட்டமே நமக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறது! நிதியாண்டு, ஜிஎஸ்டி எண், பில் எண் மூன்றையும் சேர்த்துத் தகவல் தளத்தில் யூனிக் கீ ஆக்கிவிட்டோம். இனி எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு பில் ஒரு தடவைதான் பதிவாகும்.

6. தெரியாத பைலை ஏற்பதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கடவுச்சொல். பூட்டுக் குறியுள்ள எச்டிடிபிஎஸ் வழி மட்டும். வந்த பைல்கள் இணையத்திலிருந்து யாரும் திறக்க முடியாத போல்டரில் இருக்கும். எக்ஸ்எம்எல் பைலின் தலைப்பில் டிடிடி என்ற பகுதி இருந்தால் தள்ளிவிடுகிறோம். நம் பில்லுக்கு அது தேவையே இல்லை. அதன் மூலம் சின்னஞ்சிறு பைலை மெமரிக்குள் பூதாகரமாக விரியச் செய்து சர்வரைச் சாய்க்க முடியும்.

எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள்

மேலே சொன்ன ஆறும் தம்பிகளுக்கு. முதலாளிகளுக்கு உரியது ஒன்றே. பைல் அனுப்பும் கடை, அதன் கடைசியில் இரண்டு வரி எழுத வேண்டும்: இதில் உள்ள பில் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு. சர்வர் தானாக எண்ணி, தானாகக் கூட்டி, இரண்டும் ஒத்தால் மட்டுமே ரசீது தர வேண்டும். ரசீதிலும் "முடிந்தது" என்ற சொல் போதாது. "200 பில் வந்தது, 197 புதிது, 3 முன்பே உள்ளது, பிழை 0, தொகை இவ்வளவு" என்று எண்ணிக்கை இருக்க வேண்டும். டேலியில் எக்ஸ்எம்எல் ஏற்றும்போது புதிதாகச் சேர்ந்தது எத்தனை, திருத்தியது எத்தனை, பிழை எத்தனை என்று பதில் வருகிறது. பூஜ்யம் பில் என்றால் அது வெற்றி அல்ல. சிவப்பு எழுத்தில் வர வேண்டும்.

அந்த ரசீது வரும் வரை கிளையில் உள்ள பைலை அழிக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. மழையால் அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரமும் தொலைபேசியும் போயின. அப்படி ஒரு நாளில் பைல் பாதி வழியில் அறுந்தால், மறுபடி அனுப்பக் கிளையில் ஒரு பிரதியும், இருமுறை ஏறாத பூட்டும் இருந்தால் போதும், கணக்கு பிழைக்கும். பிரதியை ஒரு பென் டிரைவிலும் வைத்து, கடையின் மேல் மாடியில் வைப்பது இன்னும் நல்லது.

இன்றைக்கே செய்து பார்க்க ஒரு சோதனை: உங்கள் கம்ப்யூட்டர் தம்பியிடம் சொல்லி, உண்மைக் கணக்கில் கலக்காத தனி இடத்தில், முதலில் 10 பில், பிறகு 1,000, பிறகு 5,000 பில் உள்ள பைலை அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றில் வாடிக்கையாளர் பெயரில் & குறி இருக்கட்டும். ஒன்றை அனுப்பும்போது பாதியில் இணைய ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் சர்வர் சொன்ன எண்ணிக்கையும் தொகையும் கிளைக் கணக்கோடு ஒத்ததா என்று நீங்களே பாருங்கள். ஒத்தால் நிம்மதி. ஒத்துப் போகாமலும் "பதிவு முடிந்தது" என்று வந்தால், எங்கள் கடையில் நவம்பரில் தெரிந்த விஷயம் உங்களுக்கு இன்றே தெரிந்துவிட்டது என்று மகிழுங்கள்.

இப்போது எங்கள் கிளையில் இரவு கடை பூட்டும்போது கல்லாக் கணக்கோடு ரசீதில் உள்ள பில் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். இரண்டு நிமிட வேலை. போன தீபாவளிக்கும் எழுதினோம். கணக்கு ஒரு பில்கூடக் குறையவில்லை.